கேட்காமல் வந்த வேர்க்கடலையும் ஹாங்காங் பில்லும்

கேள்வி: பனியன் ஏற்றுமதி விஷயமாக ஹாங்காங் போயிருந்தோம். கடைசி நாள் ராத்திரி நான்கு பேர் கவுலூன் பக்கம் ஒரு சீன உணவகத்தில் சாப்பிட்டோம். உட்கார்ந்ததும் டீயும் ஒரு தட்டு வேர்க்கடலையும் வந்தன. நாங்கள் கேட்கவே இல்லை, இனாம் என்று நினைத்தோம். பில்லில் பார்த்தால் டீக்குத் தலைக்கு இத்தனை, கடலைக்குத் தனி, எல்லாவற்றுக்கும் மேல் பத்து சதவீதம். இது ஏமாற்றுதானே? (வாசகர், திருப்பூர்)

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் இந்தப் புகார் நிற்காது. அங்கே டீக்குத் தலைக்கட்டணம் என்பது வழக்கம். டீ வேண்டாம், வெந்நீர் போதும் என்றாலும் பல இடங்களில் அதே காசுதான். கடலை, ஊறுகாய்த் தட்டு விஷயம் வேறு. வைத்த உடனே, தொடாமல், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் பில்லில் ஏறாது. பாதியைக் கொறித்துவிட்டுக் கேட்டால் பலிக்காது.

பத்து சதவீதம் சேவைக் கட்டணம். மெனுவின் அடியில் பொடி எழுத்தில் இருந்திருக்கும். அது பரிமாறியவர் கைக்குத்தான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதைக் கொடுத்த பிறகு டிப்ஸ் வைப்பதும் வைக்காததும் உங்கள் இஷ்டம். ஹாங்காங்கில் ஜிஎஸ்டி மாதிரி விற்பனை வரி கிடையாது. அதனால் சாப்பாட்டுப் பில்லில் ‘வரி’ என்று ஒரு தொகை தெரிந்தால், அப்போது தயங்காமல் கேளுங்கள்.

கடலைக்குப் போனது கொஞ்சம்தான். நிஜமாகப் பணம் போகிற இடம் மீன் தொட்டி. உயிர் மீனுக்கும் இறாலுக்கும் மெனுவில் விலை இருக்காது, ‘அன்றைய விலை’ என்றுதான் இருக்கும். எடை போட்டு, மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்கிய பிறகுதான் சமைக்கச் சொல்ல வேண்டும். லெய் யூ முன் மாதிரி மீன் கடைத் தெருக்களில் மீனுக்குக் கடையில் ஒரு காசு, சமைத்துத் தருவதற்கு உணவகத்தில் இன்னொரு காசு. நான் முதல் தடவை போனபோது இரண்டும் ஒன்று என்று நினைத்து, தட்டு காலியான பிறகு விழித்தேன்.

கேள்வி: என் தம்பி முதல் தடவையாக ஹாங்காங் போகிறான். துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு பீர் குடித்தால் ஆயிரம் ரூபாய் ஆகும் என்கிறார்களே, அவ்வளவு வரியா? (வாசகி, சேலம்)

பதில்: வரியே இல்லை. பீருக்கும் ஒயினுக்கும் இருந்த தீர்வையை 2008-லேயே எடுத்துவிட்டார்கள். அந்த ஆயிரம் ரூபாயில் பெரும்பங்கு கடை வாடகைக்கும் சன்னலோர நாற்காலிக்கும். லான் க்வாய் ஃபாங் மதுக்கடைத் தெருவில் மாலை நேரச் சலுகை விலை உண்டு. அது எத்தனை மணிக்கு முடிகிறது என்று உட்காரும் முன்னே கேட்கச் சொல்லுங்கள். முடிந்த ஐந்தாவது நிமிடம் சொல்கிற இரண்டாவது கிளாஸ் முழு விலை. அதே பீர் மூலைக்கடையில் அதில் சிறு பங்கு விலைதான். தெருவில் நின்று குடிப்பதற்குத் தடையும் இல்லை, உள்ளூர் இளைஞர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

துறைமுகக் காட்சிக்குக் காசே தேவையில்லை. சிம் ஷா சுய் கடற்கரை நடைபாதையில் எட்டு மணிக்கு நின்றால் எதிர்க்கரைக் கட்டடங்களின் ஒளிக்காட்சி இலவசம். சத்தியமாகச் சொன்னால், எனக்கு அந்த லேசர் விளையாட்டைவிட ஸ்டார் படகில் அக்கரை போவதுதான் பிடிக்கும். மெட்ரோவில் கடப்பதைவிட மலிவு, பத்து நிமிடம் கூட ஆகாது. அந்தப் படகுத் தொழிலைத் தொடங்கியவர் பம்பாயிலிருந்து போன ஒரு பார்சிக்காரர். விக்டோரியா சிகரத்துக்கு மலை டிராமில் போனால் உச்சி மாடத்தோடு சேர்த்து டிக்கெட் விற்கப் பார்ப்பார்கள். பக்கத்திலேயே சும்மா நின்று பார்க்கிற இடம் இருக்கிறது, சென்ட்ரல் பகுதியிலிருந்து 15-ஆம் எண் பஸ்ஸும் மேலே போகிறது.

கேள்வி: ராத்திரிக் கடைவீதியில் மாமனாருக்கு ஜின்செங் என்ற மருந்து வேர் வாங்கினேன். பலகையில் 600 டாலர் என்று இருந்தது. தலையாட்டியதும் பொடியாக அரைத்துவிட்டு, பல மடங்கு பணம் கேட்டார்கள். பயந்துபோய்க் கார்டில் கட்டிவிட்டேன். (வாசகர், மதுரை)

பதில்: இது வழக்கம் இல்லை, பழைய தந்திரம். அங்கே இரண்டு எடை அளவுகள் புழங்குகின்றன. ‘கட்டி’ (catty) என்பது சுமார் 605 கிராம், அதில் பதினாறில் ஒரு பங்கு ஒரு டேல், சுமார் 38 கிராம். 600 டாலர் கட்டிக்கு என்று நாம் நினைப்போம். டேலுக்கு என்று அவர்கள் பில் போடுவார்கள். முழுக் கட்டி வாங்கினால் 9,600 டாலர், நம் பணத்தில் லட்சத்தைத் தாண்டிவிடும். அரைப்பதும் நறுக்குவதும் திருப்பிக் கொடுக்க முடியாமல் செய்யத்தான்.

விலை எந்த எடைக்கு என்பதை மறைத்து விற்பது வணிக விவரச் சட்டப்படி குற்றம். அதன் திருத்தம் 2013-இல் அமலுக்கு வந்தது. ஐந்து லட்சம் ஹாங்காங் டாலர் வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் விதிக்க இடம் உண்டு. நடவடிக்கை எடுப்பது சுங்கத்துறை, சமரசம் பேசுவது நுகர்வோர் மன்றம். இரண்டுக்கும் ரசீது, கடை முகவரி, முடிந்தால் பலகையின் படம் ஆகியவற்றோடு இணையத்தில் இப்போதும் எழுதலாம். ஊரை விட்டுக் கிளம்பும் முன்னே சொல்லியிருந்தால் வேகமாக நடந்திருக்கும். கார்டு கொடுத்த வங்கியிடமும் தகராறு பதியுங்கள், அதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். இனி யாராவது போனால், கால்குலேட்டரில் மொத்தத் தொகையைத் தட்டிக் காட்டிய பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

அப்புறம், கார்டு மெஷினில் ரூபாயிலா, ஹாங்காங் டாலரிலா என்று கேட்டால் டாலரையே அழுத்துங்கள். ரூபாய் என்பது நமக்குச் செய்கிற உதவி மாதிரி தெரியும், அந்த மாற்று விகிதத்தில் அவர்கள் லாபம் ஒளிந்திருக்கிறது.

கேள்வி: நள்ளிரவில் ஹாங்காங் தீவிலிருந்து துறைமுகத்தின் அக்கரையில் இருக்கிற கவுலூனுக்கு டாக்சி. மீட்டருக்கு மேல் கடலடிச் சுரங்கப்பாதைக் கட்டணத்தை இரண்டு தடவை வாங்கினார். சரியா? (வாசகர், சென்னை)

பதில்: சரிதான். போக 25 டாலர், அவர் திரும்பி வர 25. துறைமுகம் தாண்டுகிற டாக்சிகளுக்கு என்றே தனி நிறுத்தங்கள் உண்டு, அங்கே ஏறினால் ஒரு தடவை கொடுத்தால் போதும். இரவுக் கூடுதல் கட்டணம் அங்கே கிடையாது, அப்படிக் கேட்டால் அச்சிட்ட ரசீது கேளுங்கள், தர வேண்டியது அவர் கடமை. வெள்ளிக்கிழமை இரவு லான் க்வாய் ஃபாங் அருகே மீட்டர் போடாமல் மொத்தமாகப் பேரம் பேசுகிறவர் வண்டியில் ஏறவே வேண்டாம். ஒரு மணிவாக்கில் மெட்ரோ நின்றுவிடும், அதற்குப் பிறகு ‘என்’ எழுத்தில் தொடங்கும் இரவு பஸ்கள் ஓடும்.