தராசு குறைத்த கணக்கு

அன்புள்ள சகோதரருக்கு, உங்கள் மளிகைக் கடைத் தராசு ஆறு மாதமாகக் கிலோவுக்கு 30 கிராம் குறைத்து நிறுத்ததாகவும், அந்தத் தொகையைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அது கடன், காணிக்கை அன்று. வரி வசூலிப்பவர்களின் தலைவரான சகேயு, ஏழைகளுக்குப் பாதியைக் கொடுத்ததோடு நில்லாமல், தம்மால் வஞ்சிக்கப்பட்டவர்களுக்கு நாலத்தனையாக (நான்கு மடங்காக) திருப்பித் தருவதாகச் சொன்னதை வேதாகமத்தில் லூக்கா 19இல் வாசிக்கிறோம். அதே வேதாகமத்தின் லேவியராகமம் 6, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி உரியவரிடமே கொடுக்கச் சொல்கிறது. நீங்கள் அறிந்து செய்யாததால் நான்கு மடங்கு வேண்டாம், முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினாலே போதும் என்பேன். பற்று நோட்டில் பெயருள்ளவர்களின் பாக்கியில் அதைக் கழித்து, காரணத்தையும் நேரில் சொல்லிவிடுங்கள் (கடினமான பகுதி அதுதான்). முகம் தெரியாதவர்களின் பங்கை மட்டும் ஏழைகளுக்குக் கொடுக்கலாம். தராசைச் சரிபார்த்து அரசு மறுமுத்திரை வாங்கும்வரை அதில் எதையும் நிறுக்காதீர்கள்.