டென்னிஸ் ஆடுபவர்கள் சேர்ந்து ஆட வேறு எந்த மட்டை விளையாட்டு ஏற்றது?

தண்டையார்பேட்டையில் டென்னிஸ் ஆடும் நீங்கள், நண்பர்களோடு கலகலப்பாக ஆடத்தக்க வேறு மட்டை விளையாட்டைக் கேட்டிருக்கிறீர்கள். என் முதல் பரிந்துரை பூப்பந்து: பக்கத்துக்கு 5 பேர் நின்று, மஞ்சள் கம்பளிப் பந்தைத் தரையில் விழவிடாமல் அடிக்க வேண்டும் என்பதால், பந்து துள்ளி எழும்வரை காத்திருந்து பழகிய டென்னிஸ் கை முதல் வாரம் தடுமாறத்தான் செய்யும். 1965இல் அமெரிக்காவில் தோன்றிய பிக்கிள்பால் என்ற மட்டை விளையாட்டுக்கு இறகுப்பந்து இரட்டையர் களத்தின் அளவே போதும். ஆனால் வலையையொட்டிய 7 அடிக்குள் நின்று பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது என்பதால், வலைக்கு ஓடிவந்து, பந்து தரையில் படுமுன்பே வாலி அடிக்கும் பழக்கத்தை நீங்கள் அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். துளையிட்ட அதன் பிளாஸ்டிக் பந்து இலேசானது. மாலையில் காசிமேட்டுப் பக்கமிருந்து கடற்காற்று வீசினால் பந்து களத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய்விடும், ஆகவே திறந்தவெளியில் காலையில் ஆடுங்கள். பேடல் என்ற இன்னொரு மட்டை விளையாட்டுக்கோ சுவர் சூழ்ந்த தனிக் களம் வேண்டும்.