இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் உண்மையிலேயே கூனனா, இல்லை எதிரிகள் கட்டிவிட்ட கதையா?

கூன் இல்லை. ஆனால் முதுகு நேராகவும் இல்லை. எனக்கும் அதே கோளாறு என்பதால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சும்மா கடந்துபோக முடியவில்லை.

பதினாலு வயதில் எடுத்த எக்ஸ்ரேயில் என் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்திருப்பது தெரிந்தது. ஸ்கோலியோசிஸ் என்றார் டாக்டர். வளைவு 32 டிகிரி. சட்டை போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது, எங்கள் டெய்லரைத் தவிர. ஒவ்வொரு முறை அளவெடுக்கும்போதும் "வலது தோள் அரை இஞ்ச் தூக்கல்" என்று முணுமுணுத்துக்கொண்டே நோட்டில் குறித்துக்கொள்வார்.

ரிச்சர்டுக்கு வருவோம். 1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வொர்த் போரில் செத்தார். லெஸ்டர் நகரத்து மடாலயத் தேவாலயம் ஒன்றில் அவசர அவசரமாகப் புதைத்தார்கள். அவரை வென்ற ஏழாம் ஹென்றியின் மகன் எட்டாம் ஹென்றி காலத்தில் அந்த மடாலயமே போய்விட்டது. எலும்புகளை ஆற்றில் வீசிவிட்டார்கள் என்றுகூட ஒரு கதை உலவியது. 2012 ஆகஸ்டில் அங்கே இருந்த கார் பார்க்கிங்கைத் தோண்டியபோது முதல் நாளே கால் எலும்பு தட்டுப்பட்டது. சவப்பெட்டி கிடையாது. குழியும் நீளம் போதாமல், தலை ஓரத்தில் முட்டிக்கொண்டு நிமிர்ந்திருந்தது. அவருடைய அக்கா வழியில் வந்தவர்களின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டு, 2013 பிப்ரவரியில் அவர்தான் என்று அறிவித்தார்கள்.

முதுகுத்தண்டின் வளைவு 65 முதல் 85 டிகிரி. என்னுடையதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்! பிறவிக் கோளாறு அல்ல, பத்து வயதுக்கு அப்புறம் வந்தது. நேராக நின்றிருந்தால் ஐந்தடி எட்டு அங்குலம் இருந்திருப்பார். வளைவால் உயரம் குறைந்து, வலது தோள் தூக்கித் தெரிந்திருக்கும். ஆனால் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் சூம்பிய கை எலும்புக்கூட்டில் இல்லை. நொண்டி நடந்ததற்கும் அறிகுறி இல்லை. கைதேர்ந்த தையல்காரரும் கவசம் செய்பவரும் இருந்தால் வளைவை மறைத்திருக்கலாம் என்று ஆராய்ந்தவர்களே சொன்னார்கள். எங்கள் டெய்லரிடம் இதைச் சொன்னேன், ரொம்பப் பெருமை அவருக்கு.

அப்படியானால் முழுக்கப் பொய்யா என்றால், அதுவும் இல்லை. ஜான் ரவுஸ் என்று ஒரு பாதிரியார். ரிச்சர்ட் உயிரோடு இருந்தபோது அவரை நல்ல மன்னர் என்று புகழ்ந்து எழுதினார். ஆட்சி மாறியதும், ரிச்சர்ட் தாயின் வயிற்றில் இரண்டு வருஷம் இருந்து, பல்லோடும் தோள்வரை முடியோடும் பிறந்தார் என்று எழுதினார். காற்றடிக்கும் பக்கம் சாயும் ஆள். ஆனால் அதே எழுத்தில் வலது தோள் உயரம், இடது தாழ்வு என்றும் இருக்கிறது. அது சரி! கடைசி மூச்சுவரை வீரனாகப் போரிட்டார் என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார்.

இதனால் ரிச்சர்ட் உத்தமர் என்று ஆகிவிடாது. 1483 கோடையில் லண்டன் டவர் கோட்டையில் காணாமல் போன, அவர்தான் கொன்றிருப்பார் என்று பலர் சந்தேகிக்கும் அண்ணன் பிள்ளைகள் இருவரைப் பற்றி, 12 வயதுப் பையனையும் 9 வயதுப் பையனையும் பற்றி, எலும்பு ஒன்றும் சொல்லவில்லை.

உடையும் கவசமும் இத்தனை மறைத்திருந்தால் ஊருக்கு எப்படித் தெரிந்தது? என் ஊகம் இது. போரில் தனக்குத் துணைவருவார்கள் என்று நம்பியவர்கள் கைவிட, நேராக ஏழாம் ஹென்றியை நோக்கிக் குதிரையை விட்டு, அவருடைய கொடி பிடித்தவரைக் கொன்று, அங்கேயே மாட்டிக்கொண்டார் ரிச்சர்ட். மண்டையோட்டில் மட்டும் ஒன்பது காயங்கள். அப்புறம் உடைகளை உருவி, குதிரையின் குறுக்கே போட்டு லெஸ்டருக்குக் கொண்டுபோய் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அந்த முதுகை ஊர் பார்த்தது அன்றுதான் இருக்கும்.