கிரிக்கெட் ஆடாத நாட்டில் சிறுவர்களை எப்படி ஆட வைப்பது?

"நான் வசிக்கும் நாட்டில் கிரிக்கெட் என்றால் யாருக்கும் தெரியாது. இங்குள்ள பிள்ளைகளிடம் அதை வளர்க்க எங்கிருந்து தொடங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இதுவரை பாஸ்போர்ட் எடுத்ததில்லை. தண்டையார்பேட்டைதான் என் உலகம். ஆனாலும் பதில் சொல்ல எனக்கு இரண்டு தகுதிகள் உண்டு. இருபது ஆண்டுகளாக ஞாயிறு காலைகளில் எங்கள் தெருப் பையன்களை மாநகராட்சித் திடலுக்கு அழைத்துப் போய் ஆட வைக்கிறேன். இன்னொன்று, என் அக்கா மகன். டோக்கியோவில் இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் எடோகாவா பகுதியில் இருக்கிறான். அங்கே ஆற்றங்கரைத் திடலில் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லிக் கொடுக்கத் தொடங்கி, நொந்துபோய் எனக்குப் போன் செய்தான்.

"மாமா, எட்டுப் பேர் வருகிறார்கள். எட்டும் நம் நாட்டுப் பிள்ளைகள்."

"ஜப்பான் பிள்ளை ஒன்றுகூட வரவில்லையா?"

"ஒருவன் வந்தான். முதல் நாளே விரலில் பந்து பட்டுவிட்டது. அதோடு சரி."

"என்ன பந்து?"

மறுமுனையில் பேச்சில்லை. அசல் கிரிக்கெட் பந்துதான். 156 முதல் 163 கிராம் எடை, கல்லைப் போல இருக்கும். பேடு, கையுறை, ஹெல்மெட் என்று சம்பளத்தில் பாதியைக் கொட்டி முழுப் பை வாங்கி வைத்திருந்தான் மகராசன். எங்கள் தெருவில் டென்னிஸ் பந்தைத் தவிர வேறெதையும் தொடாமலே ஆண்டுக்கணக்கில் ஆடியவர்கள் இருக்கிறார்கள். 22 கெஜ ஆடுகளமும் வேண்டாம். சுவரில் கரியால் மூன்று கோடு கிழித்தால் ஸ்டம்ப் ஆயிற்று. இரண்டு பக்கமும் வீடுகள் என்பதால் நேராகத்தான் அடிக்க வேண்டும். மாடியில் விழுந்தால் அவுட். இருக்கிற இடத்துக்கு ஏற்றபடி விதியை வெட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து அவனிடம், "உன் அணியில் ஒப்புக்குச் சப்பாணி யார்?" என்று கேட்டேன். சிரித்தான். அப்படி யாரும் இல்லையாம். ஒன்பது வயது முதல் பன்னிரண்டு வரை என்று கட்டம் கட்டி வைத்திருக்கிறான்.

அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது. ஒருவரின் ஊனத்தை வைத்துப் பிறந்த சொல். ஆனால் அது குறிக்கும் ஏற்பாட்டைப் போல நல்ல பயிற்சிமுறை எதையும் நான் பார்த்ததில்லை. அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுப் பொடியன் ஒருவன் திடலுக்கு வருவான். சாக்கடையில் விழுந்த பந்தை எடுத்துக் கழுவித் தருவது அவன் வேலை. கடைசியில் அவனுக்கும் மட்டை கிடைக்கும். அவுட் கிடையாது, ஓட்டம் கணக்கில் சேராது. யாரும் அவனுக்கு எதையும் கற்றுக் கொடுப்பதில்லை. ஆனால் எட்டு வயதில் எந்தப் பந்தை விட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். வயதுக் கட்டம் போட்டால் இந்தப் பொடியன்தான் வெளியே நிற்கிறான்.

பக்கத்தில் வியாசர்பாடியைப் பாருங்கள். நகரமே கிரிக்கெட் பைத்தியம் பிடித்துத் திரியும்போது அங்கே கால்பந்து வேர்விட்டிருக்கிறது. அண்ணன்கள் ஆடினார்கள், தம்பிகள் பின்னால் ஓடினார்கள், அவ்வளவுதான். அங்கிருந்து எங்களிடம் வரும் பையன்கள் பந்தைக் காலால்தான் நிறுத்துவார்கள். நான் திருத்துவதில்லை. பந்து நின்றதா, போதும்.

ஜப்பானில் இதே கதை பேஸ்பாலோடு. அங்கத்துப் பிள்ளைகள் எறிந்தால் பந்து அம்பு மாதிரி வருமாம். ஆனால் அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடுவார்கள். பந்து பக்கத்தில் கிடந்தாலும் ஓடுவார்கள். பந்து வீசச் சொன்னால் எறிவார்கள். முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்று பத்து வயதுப் பிள்ளையிடம் போய்ச் சொன்னால் அது வீட்டுக்குத்தான் போகும். "எறிகிறவனை ஃபீல்டிங்கில் நிறுத்திப் பாராட்டு. வீச்சு பிறகு வரும்" என்றேன். உங்கள் நாட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே என்ன ஆடுகிறார்கள் என்று பாருங்கள். அதில் பாதி உங்களுக்குப் பயன்படும். 2020இல் மகளிர் டி20 உலகக் கோப்பை வரை வந்த தாய்லாந்து அணியின் தலைவி முன்பு பேஸ்பால் போன்ற சாஃப்ட்பால் ஆடியவர்.

கிரிக்கெட் புதிதாக வேர்விட்ட நாடுகள் வேறும் உண்டு. ஆப்கானியர்கள் பாகிஸ்தானின் அகதி முகாம்களில் ஆட்டத்தைக் கற்றார்கள்; 2017இல் அவர்கள் அணி டெஸ்ட் தகுதி பெற்றது. ருவாண்டாவுக்கு, 1994 படுகொலைக்குப் பிறகு அண்டை நாடுகளிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்தார்கள். 2023இல் அந்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் வெஸ்ட் இண்டீஸையே வென்றார்கள். நடுவில் தோல்விகள் வரும். 2020 இளையோர் உலகக் கோப்பையில் இந்தியாவிடம் ஜப்பான் 41 ஓட்டங்களுக்குச் சுருண்டபோது எங்கள் டீக்கடையில் சிரித்தார்கள். அந்தக் கோப்பைக்கு ஜப்பான் வந்ததே முதல் தடவை என்பது சிரித்தவர்களுக்குத் தெரியாது.

பெற்றோர் விஷயத்தைக் காசிமேட்டிலிருந்து சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பள்ளிக்கும் விடுமுறை. வேலையில்லாத அப்பாக்கள் திடலோரம் வந்து நிற்பார்கள். ஒரு நாள் ஆள் குறைகிறது என்று ஒருவரை இழுத்து விட்டேன். மகன் வீசிய பந்தில் அப்பா போல்டு! அதன் பிறகு அந்த வீட்டில் "விளையாடிக் கெட்டுப்போகிறான்" என்ற பேச்சு எழவில்லை. ஓரமாக நிற்கும் அம்மா அப்பா கையிலும் மட்டையைக் கொடுங்கள்.

புல் மைதானம், அரசு உதவி எல்லாம் பிறகு. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் வருகிறது. 1900 பாரிஸுக்குப் பிறகு இப்போதுதான். அதைச் சொல்லி உங்கள் அரசிடம் பணம் கேட்கலாம், கேளுங்கள். ஆனால் ஆட வருபவர்கள் பதினைந்து பேராவது சேர்வதற்கு முன் கேட்காதீர்கள்.

போன வாரம் அக்கா மகன் பேசினான். இப்போது பதின்மூன்று பேராம், நான்கு பேர் ஜப்பான் பிள்ளைகள். விரலில் அடிபட்டவனும் திரும்பி வந்துவிட்டான். டென்னிஸ் பந்துதானா என்று அவன் அம்மா நேரில் வந்து அமுக்கிப் பார்த்த பிறகே விட்டாராம். கூடவே ஆறு வயதுத் தங்கையும் வருகிறாள். தனக்கு அவுட் கிடையாது என்று தெரிந்த நாளிலிருந்து மட்டையை யாருக்கும் கொடுப்பதில்லையாம்.