யானைக்கு ஒரு வரி, கிரிக்கெட்டுக்கு நான்கு பந்தி

அன்புள்ள ஐயா,

உங்கள் தினக்குறிப்புகளைக் கொஞ்ச நாளாகத்தான் வாசிக்கிறேன். பழையவற்றையும் தேடி எடுத்து வாசித்தேன். நான் மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம் ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன். மனதில் ஒரு குறை இருக்கிறது, சொன்னால் கோபிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

2024 யூலை 28 ஆம் திகதிக் குறிப்பில் மகளிர் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டிக்கு நான்கு பந்தி எழுதியிருக்கிறீர்கள். அதே குறிப்பின் கடைசியில், ‘படுவான்கரையில் யானை ஒரு வீட்டை உடைத்ததாம்’ என்று ஒரே ஒரு வரி. அந்த வீட்டுப் பிள்ளை என் வகுப்பில் படித்தவள். நெல் மூட்டையோடு சேர்த்து அவளுடைய கொப்பிகளும் போய்விட்டன. நாட்டு அரசியல், ஊர்ச் செய்தி, விளையாட்டு என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து எழுதுவதால்தான் இப்படி ஆகிறது. கிரிக்கெட்டை விட்டுவிட்டு முக்கியமானதை மட்டும் எழுதினால் என்ன?

இன்னொன்று. தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிகளைப் பற்றியும் எழுதுகிறீர்கள், யாருக்குப் போடலாம் என்று மட்டும் சொல்வதில்லை. வயதில் மூத்தவர்கள் சொன்னால் எங்களுக்கு உதவியாக இருக்குமே.

சு., வெல்லாவெளி

அன்புள்ள டீச்சருக்கு,

கோபம் ஒன்றும் இல்லை. பந்தியையும் வரியையும் எண்ணி வாசிக்கிற ஒருவர் கிடைத்ததில் சந்தோஷம்தான்.

அந்த ஒரு வரியில் இருந்தே தொடங்குகிறேன். நான் இருப்பது களுவாஞ்சிகுடியில். சந்தை, பஸ் தரிப்பிடம், பிரதேச செயலகத்துக்குப் போகிற ஆட்கள், பின்னேரம் மைதானம், என் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கம், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நடப்பது போனில்தான் வரும். அன்றைக்கும் அப்படித்தான் வந்தது, சொன்னவரும் வேறு ஒருவர் சொல்லக் கேட்டவர். ‘உடைத்ததாம்’ என்று எழுதியது அதனால்தான். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததை நான்கு பந்திக்கு இழுத்திருந்தால் ‘காட்டு யானைகள் அட்டகாசம், மக்கள் பீதியில்’ என்று பத்திரிகைகளில் வருகிற அதே செய்திதான் வந்திருக்கும். அதை நீங்களும் நானும் எத்தனை தரம் வாசித்திருப்போம்? வீட்டுக்காரருக்கு அதனால் ஒரு தகரமாவது கிடைத்திருக்குமா?

நீங்கள் எழுதிய கொப்பி விசயம் வேறு மாதிரி. வீட்டுக்குள் நெல் இருந்தால் யானை சுவரைத் தள்ளும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் புத்தகப் பை இருந்தது என்பது வகுப்பில் நின்ற உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இனி கிரிக்கெட். அன்று ஞாயிற்றுக்கிழமை. தம்புள்ளையில் ஆட்டம், நான் பார்த்தது எங்கள் சந்திக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில். பெண்களின் ஆட்டம் என்றால் அந்தக் கடையில் வழக்கமாகச் சனலை மாற்றிவிடுவார்கள். அன்றைக்கு ரிமோட் எங்கேயோ மாட்டிக்கொண்டதாகத்தான் நினைக்கிறேன். இந்தியா 165 எடுத்தது. கடையில் பாதிப்பேர் இந்தியா பக்கம், பாதிப்பேர் இலங்கை பக்கம். இது என்றைக்கும் உள்ளதுதான், ஒரே வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பக்கமும் இருப்பார்கள். சமரி அத்தபத்து 61 எடுத்து ஆட்டமிழந்ததும் ‘சரி, முடிஞ்சி’ என்று எழும்பிய இரண்டு பேர், ஹர்ஷிதா சமரவிக்ரம அடிக்கத் தொடங்கியதும் காசு கொடுக்கிற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். இலங்கைக்கு எட்டு விக்கெட் வெற்றி, எட்டுப் பந்து மிச்சம். அதற்கு முன்னர் இதே கிண்ணத்துக்கு ஐந்து தரம் இறுதிக்குப் போய், ஐந்து தரமும் இந்தியாவிடமே தோற்ற அணி அது.

கடைக்காரரின் மகள் கிளாஸ் கழுவுகிற இடத்தில் இருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் சவர்க்கார நுரை. கடைசியில் தகப்பனிடம், “எங்கட ஸ்கூல்ல ஏன் இது இல்ல?” என்று கேட்டாள். “அதான் எல்லே இரிக்கே மகள்” என்றார் அவர், கல்லாவில் இருந்து தலை நிமிராமல். எல்லே என்றால் நம் நாட்டு மட்டைப் பந்து விளையாட்டு. என்னுடைய நான்கு பந்தியில் ஓட்டக் கணக்கு ஒரு பந்திதான், டீச்சர். மிச்சம் மூன்றும் இந்தப் பிள்ளையைப் பற்றியது. உங்கள் பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்கு எல்லேயும் வலைப்பந்தும் தவிர வேறு என்ன இருக்கிறது என்று அறிய எனக்கு ஆசை.

(2023 செப்டெம்பர் 17 இல் ஆண்கள் அணி 50 ஓட்டங்களுக்குச் சுருண்டு, சிராஜ் ஆறு விக்கெட் எடுத்த ஆட்டத்துக்கு நான் எழுதியது இரண்டே வரி. இந்தியா 6.1 ஓவரில் முடித்துவிட்டது. கடைக்காரருக்குத்தான் நட்டம், இரவு வரைக்கும் என்று வடை போட்டு வைத்திருந்தார்.)

விளையாட்டை விட்டால் எனக்கு அரசியலும் பாதிதான் விளங்கும். எங்கள் பக்கத்துக் கழகம் ஒன்றின் மின்னொளி மென்பந்துச் சுற்றுப்போட்டிக்குப் போயிருந்தேன். இறுதி ஆட்டம் தொடங்கி நாலு ஓவர் போனதும் ஒலிபெருக்கியில் ‘ஆட்டம் சற்று நிறுத்தப்படுகிறது, எமது பிரதம அதிதி வந்துகொண்டிருக்கிறார்’ என்றார்கள். நன்றாக அடித்துக்கொண்டிருந்த பொடியன் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றான். வெள்ளைத் துணி விரித்த மேசை, அதன்மேல் வாங்குகிற பிள்ளையை விட உயரமான கிண்ணங்கள், அவற்றைச் சுற்றிப் பூச்சிகள். அதிதி வந்து, மாலை விழுந்து, கைகுலுக்கி, படம் எடுத்து முடிய முக்கால் மணித்தியாலம் போனது. திரும்ப வந்து முதல் பந்திலேயே பொடியன் பிடி கொடுத்துப் போனான். அதிதி அதற்குள் அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த தேர்தலில் எந்தக் கட்சி யாரை இறக்கப்போகிறது என்று கொழும்புப் பத்திரிகைகளில் தேடுகிறவர்கள் ஒரு தரம் நமது விளையாட்டுக் கழகங்களின் நோட்டீசுகளைப் பார்க்கலாம். போன வருடம் ‘விசேட அதிதி’யாக இருந்தவர் இந்த வருடம் ‘பிரதம அதிதி’யாகி, ஜேர்சியின் முதுகில் அவர் பெயரும் வந்துவிட்டால் ஆள் தயார். அந்த மேடையில் அவர் சொன்னதை நான் அன்றிரவே எழுதி வைப்பேன். மைதானத்துக்கு வடிகான், படுவான்கரைக்கு யானை வேலி, இளைஞருக்கு வேலைவாய்ப்பு என்று ஒழுங்காக வரும். உங்கள் யானையும் அங்கேதான் இருக்கிறது, டீச்சர், கிரிக்கெட் மேடையில்.

வேலி ஏன் வருவதில்லை என்று கேட்டால் அது அலுவலகக் கதை. யானை என்றால் வனசீவராசிகள் திணைக்களம், அது மத்திய அரசு. வீடு உடைந்தால் முதலில் ஜீ.எஸ். (கிராம உத்தியோகத்தர்), பிறகு பிரதேச செயலகம், அதுவும் மத்திய அரசு. யானை வருகிற வழியில் லைட் எரியவில்லை என்றால் பிரதேச சபை. வயலுக்குப் பக்கத்துச் சின்னக் குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். கொப்பி போன பிள்ளையின் பாடசாலை மாகாணத்தின் கீழ். யானை ஓர் இரவில் நடந்து முடிக்கிற தூரத்துக்கு மனிசர் போகவேண்டிய வாசற்படிகள் இவை.

இதில் இரண்டு இடங்களில் கதிரையே வெறுமையாகக் கிடந்தது. 2018 பெப்ரவரி 10 இல் தெரிவான உள்ளூராட்சி சபைகள் 2023 மார்ச்சில் காலாவதியாகின. மார்ச் 9 இல் நடக்கவேண்டிய தேர்தலைக் காசு இல்லை என்று தள்ளிப்போட்டார்கள். உயர் நீதிமன்றமே அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 இல் தீர்ப்புச் சொன்னது. கடைசியில் 2025 மே 6 இல்தான் வாக்களித்தோம். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் சபையைச் செயலாளர்தான் நடத்தினார். லைட் எரியவில்லை என்று சண்டை பிடிக்கவும் ஒரு உறுப்பினர் இல்லை. கிழக்கு மாகாண சபை இன்னும் மோசம். கடைசியாக வாக்களித்தது 2012 செப்டெம்பர் 8, சபை முடிந்தது 2017 செப்டெம்பர் 30. அதன் பிறகு ஆளுநர்தான். 2012 இல் பதினெட்டு நிரம்பாதவர்கள் யாரும் மாகாண சபைக்கு ஒரு வாக்கும் போட்டதில்லை, நீங்களும் அந்த வயதுக்காரராக இருக்கலாம். ஆனால் உங்கள் நியமனம், இடமாற்றம், பாடசாலைக் கூரை எல்லாம் அந்த மாகாணத்தின் கையில். புதிய எல்லை நிர்ணயம், பழைய முறை, கலப்பு முறை என்று இத்தனை காலமும் இழுபட்டதில் கொழும்பில் யாருக்கும் அவசரம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எல்லாக் கட்சிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

யாருக்குப் போடலாம் என்று நான் சொல்வதில்லை. சொல்லவும் மாட்டேன். பயம் காரணம் இல்லை, கடைத்தெருவில் எல்லோருக்கும் என் வாக்கு ஏறக்குறையத் தெரியும். மட்டக்களப்பு வாக்காளரை வழிநடத்தலாம் என்று நினைக்கிறவர்கள் 2024 ஐ ஒரு தரம் பார்க்கவேண்டும். செப்டெம்பரில் சனாதிபதித் தேர்தல், மாவட்டத்தில் முதலிடம் சஜித் பிரேமதாசவுக்கு. நவம்பர் 14 இல் பாராளுமன்றத் தேர்தல், இருக்கிற ஐந்து ஆசனத்தில் அவருடைய கட்சிக்கு ஒன்றும் இல்லை. தமிழரசுக் கட்சிக்கு மூன்று, தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, முஸ்லிம் காங்கிரசுக்கு ஒன்று. நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் 21 இல் தேசிய மக்கள் சக்தி முதலாவதாக வர, மட்டக்களப்பு மட்டும் தனியே நின்றது. உடனே வெளியில் இருந்து எழுதினவர்கள் சிலர் ‘இனம் பார்த்துப் போட்ட ஊர்’ என்றார்கள், சிலர் ‘கொள்கை காத்த மண்’ என்றார்கள். இதே ஊர் 2020 இல் தமிழரசுக்கு இரண்டும், தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சிக்கும் பொதுஜன பெரமுனவுக்கும் முஸ்லிம் காங்கிரசுக்கும் ஒவ்வொன்றும் கொடுத்தது இரண்டு பேருக்கும் மறந்துபோனது.

நான் பார்த்த வரையில், 2024 இல் வாக்கைத் திருப்பியதில் பாதி, மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் இருந்து ரோட்டோரத்தில் இருந்ததைப் பார்த்த கோபம். மிச்சப் பாதி சாதாரண கணக்கு, தமிழ் வாக்கு சிதறினால் ஆசனம் போகும் என்ற கணக்கு. மாடும் கணக்கும் சேர்ந்த வாக்கு அது. நூறு பேரிடம் கேட்டால் நூறு விதமாகக் கலந்திருக்கும்.

நம்முடைய கொம்பு விளையாட்டில், இரண்டு கொம்புகளைக் கொளுவிக் கயிறு கட்டி இரண்டு பக்கமும் இழுக்கிற விளையாட்டில், வடசேரி, தென்சேரி என்று பிறந்த குடும்பத்தோடு கட்சி வந்துவிடும். கொம்பு முறியும் வரைக்கும் அந்தப் பக்கத்துக் கயிற்றைத்தான் இழுக்கவேண்டும். வாக்குச்சீட்டை அப்படி ஆக்கத்தான் மேடையில் ஏறுகிற எல்லோருக்கும் ஆசை. சனம் அப்படி ஆகவில்லை. அதில் ‘மூத்தவர் சொன்னார்’ என்று நானும் ஒரு கயிற்றைக் கொண்டுபோய்க் கட்டுவானேன்? மேடையில் சொன்னது இது, இத்தனையாம் திகதி சொன்னது, இன்றைக்கு அந்த வடிகான் இப்படிக் கிடக்கிறது என்று எழுதி வைப்பது என்னால் முடியும். அதற்குத் தினமும் எழுதவேண்டும், விளையாட்டு மைதானத்துக்கும் போகவேண்டும். கிரிக்கெட்டை விடச் சொல்லாதீர்கள்.

சரி, யானைக்கு வருவோம். எனக்கு வேண்டியது இவ்வளவும்: உங்கள் பக்கம் மின்வேலி இருக்கிறதா, எந்த ஊரில் தொடங்கி எங்கே முடிகிறது, பற்றரி வேலை செய்கிறதா, கம்பியில் ஏறுகிற செடியை வெட்டுவது யார், கடைசியாக வெட்டியது எப்போது. அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நட்டஈட்டுப் படிவம் நிரப்பினார்களா, நிரப்பினால் எந்த அலுவலகத்தில் நிற்கிறது. தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், மிச்சத்தைப் பாலத்தைத் தாண்டி வந்து நானே கேட்கிறேன். எத்தனை பந்தி வந்தாலும் போடுகிறேன். ஊர்ப் பெயர் இருக்கும், உங்கள் பெயர் இருக்காது, வருட முடிவில் இடமாற்றப் பட்டியல் வருகிற காலம்.