செல்லின் பிஎச் அலைகிறதா, அளவு அலைகிறதா?

கேள்வி: ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுச் செல்கள்), பிஎச்சுக்கு ஏற்ப ஒளிரும் பிசிஇசிஎஃப் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் உள் பிஎச் அளந்து வருகிறேன். இன்குபேட்டரிலிருந்து ஊடகத்தோடு தட்டை எடுத்துவந்ததும் 7.2 காட்டுகிறது. கால் மணி நேரத்தில் 7.5 ஆகிவிடுகிறது. அன்று மாலை நைஜரிசின் என்ற பொருளை விட்டு, ஒளிர்வைத் தெரிந்த பிஎச்சோடு ஒப்பிடும் காலிபிரேஷனை முடிக்கிறேன். மறுநாள், நுண்ணோக்கியின் கீழ் கரைசல் ஓடும் அதே சேம்பரில் புதுச் செல்களை வைத்தால் 6.9-இல் தொடங்குகிறது. எதை நம்புவது? பேசாமல் செல்களை உடைத்து பிஎச் மீட்டரில் வைத்துவிடலாமா? (ஓர் ஆய்வு மாணவி)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உடைக்க வேண்டாம். செல்லின் உள்திரவமான சைட்டோசாலில் பிஎச் ஏறத்தாழ 7.2 என்றால், செரிமான அறையான லைசோசோமில் 4.5 முதல் 5 வரை, மைட்டோகாண்டிரியாவின் உள்ளறையில் 8-க்குச் சற்றுக் கீழே. உடைத்ததும் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். மீட்டர் காட்டும் எண் எந்த அறைக்கும் உரியதாக இருக்காது. 2 பிக்கோலிட்டர் கொள்ளளவுள்ள ஒரு செல்லில், பிஎச் 7.2-இல் தனித்து உலவும் ஹைட்ரஜன் அயனிகள் சுமார் 76 ஆயிரம்தான். மற்றவை புரதங்களிலும் பாஸ்பேட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உடைத்த நொடியில் அந்தக் கணக்கெல்லாம் மாறிப்போகும்.

உங்கள் 7.2, 7.5 ஆவது சின்ன விஷயம் இல்லை. ஹைட்ரஜன் அயனிச் செறிவு 63 நானோமோலாரிலிருந்து 32-க்கு, அதாவது பாதியாக இறங்கியிருக்கிறது. செல்தான் மாறியதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. 490, 440 நானோமீட்டர் ஒளிகளில் கிடைத்த ஒளிர்வுகளின் விகிதத்தை மட்டும் பார்க்காமல், இரண்டையும் தனித்தனியே வரைந்து பாருங்கள். 440-க்கு அருகே இந்தச் சாயம் பிஎச்சைப் பொருட்படுத்துவதில்லை. அந்தக் கோடு அசையாமல் இருக்க, 490 மட்டும் ஏறினால் பிஎச் உண்மையிலேயே ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து இறங்கினால் சாயம் கசிகிறது, அல்லது ஒளியில் வெளுக்கிறது. அப்போது பின்னணி வெளிச்சத்தைச் சரியாகக் கழித்தீர்களா என்று பாருங்கள்.

உங்கள் விவரிப்பைப் படித்தால் பிஎச் உண்மையிலேயே ஏறுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காரணம் கார்பன் டை ஆக்சைடு. நீங்கள் எடுத்துவந்தது பைகார்பனேட் கலந்த ஊடகம். இன்குபேட்டரின் 5 சதவீத வாயுவில்தான் அதன் பிஎச் நிற்கும். அறைக் காற்றில் வைத்தால், திறந்து வைத்த கோலி சோடாவைப் போல வாயு வெளியேறிவிடும். பிஎச்சை நிறத்தில் காட்டும் ஃபீனால் ரெட் சேர்த்த ஊடகம் ஊதா கலந்த இளஞ்சிவப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வாயு செல்லுக்குள்ளிருந்தும் சவ்வைத் தாண்டி ஓடுகிறது. உள்ளே இருக்கும் பைகார்பனேட், ஹைட்ரஜன் அயனியோடு சேர்ந்து மேலும் கார்பன் டை ஆக்சைடாக மாறி அந்த இடத்தை நிரப்புகிறது. ஹைட்ரஜன் அயனி செலவாகிறது, பிஎச் ஏறுகிறது. மேசை மீதும் 5 சதவீத வாயு கொடுங்கள். முடியாவிட்டால், அந்த வாயு இல்லாமலே பிஎச்சை நிலையாக வைக்கும், பைகார்பனேட் இல்லாத ஹெப்பஸ் கரைசலுக்கு மாறுங்கள். ஆனால் அதில் பைகார்பனேட்டைக் கடத்தும் புரதங்கள் வேலை செய்ய வழியில்லை என்பதால் வேறொரு பிஎச்சில் செல் நிலைகொள்ளலாம். இரண்டு கரைசல்களில் எடுத்த எண்களை ஒரே வரைபடத்தில் போடாதீர்கள்.

மறுநாள் வந்த 6.9-தான் எனக்குக் கவலை. அந்த எண்ணில் நைஜரிசின் தடம் தெரிகிறது. இது சவ்வுக்குள் புகுந்து, ஒரு பொட்டாசியம் அயனிக்கு ஒரு ஹைட்ரஜன் அயனி என்று மாற்றிக்கொடுக்கும் மூலக்கூறு. காலிபிரேஷன் கரைசலில் வெளியே பொட்டாசியம் 140 மில்லிமோலார் வரை வைக்கிறோம். உள்ளும் புறமும் பொட்டாசியம் சமமானால் பிஎச்சும் சமமாகும் என்பதுதான் 1979-இல் எஃப்ரைம் ராக்கரின் குழு காட்டிய வழி. ஆனால் நைஜரிசின் பிளாஸ்டிக் குழாயிலும் சேம்பரிலும் பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும். மறுநாள் சாதாரணக் கரைசல் ஓடும்போது வெளியே பொட்டாசியம் வெறும் 5 மில்லிமோலார். ஒட்டியிருந்த நைஜரிசின் செல்லின் பொட்டாசியத்தை வெளியே விட்டு ஹைட்ரஜன் அயனியை உள்ளே இழுக்கிறது. அதை முழுக்கத் தன் போக்கில் விட்டால் உள் பிஎச் வெளியைவிட 1.4 அளவுக்குக் கீழே போய்விடும். செல் எதிர்த்துப் போராடுவதால்தான் 6.9-இல் நிற்கிறது. எத்தனால் விட்டுக் கழுவினால் ஓரளவு போகும். நான் சொல்வது: காலிபிரேஷனுக்கென்று தனி சேம்பர், தனிக் குழாய். செலவுதான், ஆனாலும் இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

செல்லின் பொட்டாசியம் உண்மையில் 110 மில்லிமோலாராக இருந்து, காலிபிரேஷன் கரைசலில் நீங்கள் 140 என்று வைத்தால் 0.1 பிஎச் பிழை அங்கேயே வந்துவிடும். ஹெப்பஸ் கரைசலை 25 டிகிரியில் 7.4-க்குச் சரிசெய்துவிட்டு 37 டிகிரியில் ஓட்டினால் அது 7.23 பக்கம் இறங்கியிருக்கும். ஓட்டும் வெப்பநிலையிலேயே சரிசெய்யுங்கள்.

செல் எதிர்த்துப் போராடுகிறது என்றேன். சவ்வின் உட்புறம் 60 மில்லிவோல்ட் எதிர்மின்னாக இருக்க, வெளியே பிஎச் 7.4 என்றால், சும்மா விட்டால் உள்ளே 6.4-க்கு வந்து நிற்கும். 7.2 என்பது ஓட்டைத் தோணியில் ஓயாமல் தண்ணீர் இறைத்துக் காக்கும் அளவு. இறைப்பவற்றில் முக்கியமானது என்எச்இ1 என்ற புரதம். ஒரு சோடியத்தை உள்ளே விட்டு ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியேற்றுகிறது. 1989-இல் பிரான்சின் நீஸ் நகரில் ழாக் புய்செகூர் குழு அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தது. இந்தப் புரதமே அளக்கவும் செய்கிறது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு: உள்ளே அமிலம் கூடினால் ஹைட்ரஜன் அயனி அதன் மேல் தனியிடத்தில் ஒட்டி, வேகத்தை முடுக்குகிறது. 7.2 பக்கம் வந்ததும் அது ஏறக்குறைய ஓய்ந்துவிடுகிறது. பக்கத்திலேயே ஏஇ2 என்ற இன்னொரு புரதம் எதிர்த்திசையில், காரம் கூடும்போது பைகார்பனேட்டை வெளியே அனுப்புகிறது.

இந்தப் போராட்டத்தையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். 1976-இல் போரனும் டி வீரும் கணவாயின் பெரு நரம்பிழையில் செய்தது இது. நைஜரிசின் தொடாத சேம்பரில், ஹெப்பஸ் கரைசலில், 20 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடைச் சில நிமிடம் ஓடவிடுங்கள். அம்மோனியா உள்ளே புகுந்து ஹைட்ரஜன் அயனியைப் பிடிப்பதால் பிஎச் துள்ளி ஏறும். பிறகு கழுவிவிட்டால் அம்மோனியா ஓடிப்போய், அம்மோனியமாக உள்ளே நுழைந்தவை ஹைட்ரஜன் அயனிகளை விட்டுச்செல்லும். பிஎச் தொடங்கிய இடத்துக்கும் கீழே விழும். அடுத்த சில நிமிடங்களில் கோடு மெல்ல மேலேறித் திரும்பினால் உங்கள் செல்கள் நலமாக இருக்கின்றன. அதையே சோடியம் இல்லாத கரைசலில் கழுவிப் பாருங்கள். கோடு கீழேயே கிடந்து, சோடியம் கொடுத்ததும் எழுந்தால், நீங்கள் பார்ப்பது என்எச்இ1 போன்ற சோடியப் பரிமாற்றியின் வேலை. சோடியம் இல்லாமலே எழுந்தால், குழாய்களில் நைஜரிசின் ஒட்டியிருக்கிறதா என்று மறுபடி சோதியுங்கள்.