மாத்திரை சாப்பிட்டும் ரத்த உறைகட்டி முழுதாகக் கரையாதது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46. கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தபோது கெண்டைக்கால் வீங்கி வலித்தது. டாப்ளர் ஸ்கேனில், முழங்காலுக்குப் பின்னால் உள்ள ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருப்பதாகச் சொல்லி ரிவராக்சபான் மாத்திரை கொடுத்தார்கள். முதல் 21 நாள்கள் 15 மி.கி. இரண்டு வேளை, அதன்பின் 20 மி.கி. ஒரு வேளை. மூன்று மாதம் முடியப்போகிறது. இப்போது எடுத்த ஸ்கேனில், கட்டி சுருங்கியிருந்தாலும் முழுதாகக் கரையவில்லை என்று வந்திருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா? கட்டியைக் கரைக்கும் ஊசியை எனக்கு ஏன் போடவில்லை? ரத்தம் உறைவதும் கரைவதும் எப்படி என்று விளக்குங்கள் டாக்டர்.

பதில்: உங்கள் மருந்து வேலை செய்திருக்கிறது. கட்டி வளராமல் சுருங்கியிருப்பதே அதற்குச் சான்று. ரிவராக்சபான் மட்டுமல்ல, ஹெப்பாரின், வார்ஃபரின், அபிக்சபான் என்று இந்த வகையில் எதை எடுத்துக்கொண்டாலும், ஏற்கெனவே உறைந்துவிட்ட ரத்தத்தைக் கரைக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. புதிதாக உறைவதை அது தடுக்கிறது; கரைக்கும் வேலையை உங்கள் உடல்தான் செய்கிறது. இந்த வேறுபாட்டைச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சொல்லாமல் விட்டால், ஸ்கேன் அறிக்கையைப் பார்த்து மனம் தளர்ந்து, மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

ரத்தக் குழாயின் உட்சுவரை மெல்லிய செல் அடுக்கு ஒன்று மூடியிருக்கிறது. அது சிதையாமல் இருக்கும்வரை ரத்தம் எதிலும் ஒட்டாமல் ஓடிக்கொண்டிருக்கும். சுவர் கிழிந்தால், அதற்கு அடியில் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளியே தெரிகிறது. வான் வில்பிராண்ட் காரணி என்ற புரதம் அதில் ஒட்டிக்கொள்ள, ஓடும் ரத்தத்தில் இருந்து தட்டணுக்களை அது பிடித்து நிறுத்துகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் இருப்பதால், ஆள்பலத்துக்குப் பஞ்சமில்லை. ஒட்டிய தட்டணு உருமாறி, தனக்குள் இருக்கும் ரசாயனங்களை வெளியேற்றி மற்றவற்றையும் அழைக்கிறது. சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் ஓர் அடைப்பு உருவாகிவிடுகிறது. ஆனால் இந்த அடைப்பு உறுதியற்றது. ரத்த ஓட்டத்தின் வேகத்தில் கலைந்துபோகக்கூடியது.

அதை உறுதியாக்குவது ஃபைப்ரின் என்ற புரத இழைகளால் ஆன வலை. காயம்பட்ட திசுவில் இருந்து வெளிப்படும் திசுக் காரணி, ரத்தத்தில் உள்ள ஏழாம் காரணியோடு (ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை இப்படி எண்ணிட்டு அழைக்கிறோம்) சேர்ந்து பத்தாம் காரணியைத் தூண்டுகிறது. தூண்டப்பட்ட பத்தாம் காரணி, த்ராம்பின் என்ற நொதியை உருவாக்குகிறது. த்ராம்பினோ, ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை வெட்டி, கரையாத ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. கூடவே, தன்னை உருவாக்கும் காரணிகளையே மேலும் தூண்டிவிடுவதால், தொடக்கத்தில் துளியளவாக இருந்த த்ராம்பின் சிறிது நேரத்தில் வெள்ளமாகப் பெருகுகிறது. கடைசியாகப் பதின்மூன்றாம் காரணி வந்து இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைக்கிறது. நீங்கள் சாப்பிடும் ரிவராக்சபான், இந்தச் சங்கிலியின் நடுவில் உள்ள பத்தாம் காரணியைத்தான் முடக்குகிறது. தூண்டப்பட்ட பத்தாம் காரணியின் ஒரு மூலக்கூறு ஆயிரம் த்ராம்பின் மூலக்கூறுகள் வரை உருவாகக் காரணமாகிறது என்பதால், அந்த இடத்தில் தடுத்தால் பலன் பெரிது.

உங்கள் சிரையில் காயம் எதுவும் இல்லாமலே ரத்தம் உறைந்தது எப்படி என்று கேட்கலாம். உறைவதற்குக் கிழிந்த சுவர்தான் வேண்டும் என்பதில்லை. ரத்தம் தேங்குவதும், ரத்தத்தில் உறையும் தன்மை கூடுவதும் சேர்ந்தாலே போதும். எலும்பு முறிந்த பிறகு உறையும் தன்மை கூடுகிறது. காலில் உள்ள ரத்தம் மேலேறுவதற்கு, நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரைகளை அழுத்தித் தர வேண்டும். மாவுக்கட்டு அந்த அசைவை நிறுத்திவிட்டது. சிரைக்குள் ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் வால்வுகளுக்குப் பின்னால் சிறு பைகள் இருக்கின்றன. ரத்தம் அங்கே தேங்கி, ஆக்சிஜன் குறைந்து, உட்சுவர் செல்கள் தூண்டப்பட்டு, உறைவு அங்கிருந்தே பெரும்பாலும் தொடங்குகிறது.

உறைதல் தொடங்கும்போதே அதை எல்லைக்குள் நிறுத்தும் ஏற்பாடும் தொடங்கிவிடுகிறது. காயமில்லாத சுவரை அடையும் த்ராம்பின், அங்குள்ள த்ராம்போமாடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்ததும் நேர்மாறாக நடந்துகொள்கிறது. புரதம் சி-யைத் தூண்டி, தன் உற்பத்திக்குத் துணைநின்ற காரணிகளையே முடக்கவைக்கிறது. ஆன்டித்ராம்பின் என்ற இன்னொரு புரதம் எஞ்சிய த்ராம்பினைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. இவற்றில் பிறவியிலேயே குறைபாடு உள்ளவர்களுக்கு, இளம் வயதிலேயே சிரைகளில் ரத்தம் உறையக்கூடும்.

இனி, கரைவது. பிளாஸ்மினோஜன் என்ற புரதம் ரத்தத்தில் எப்போதும் செயலற்ற நிலையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஃபைப்ரின் வலை பின்னப்படும்போது அதுவும் வலைக்குள் சேர்ந்து பதிந்துவிடுகிறது. சிரையின் உட்சுவர் செல்கள் சுரக்கும் டி.பி.ஏ. என்ற நொதி, அதைப் பிளாஸ்மினாக மாற்றுகிறது. பிளாஸ்மின்தான் ஃபைப்ரின் இழைகளைத் துண்டுதுண்டாக வெட்டுகிறது. டி.பி.ஏ. தனியாக ரத்தத்தில் மிதக்கும்போது பெரிதாக எதையும் செய்வதில்லை. ஃபைப்ரினில் அமர்ந்த பிறகே அதன் வேகம் பல நூறு மடங்கு கூடுகிறது. வலையை விட்டு வெளியேறும் பிளாஸ்மினையும் ஆல்ஃபா-2 ஆன்டிபிளாஸ்மின் என்ற புரதம் உடனே அழித்துவிடுகிறது. இதனால்தான் கட்டி மட்டும் கரைகிறது, உடலெங்கும் ரத்தக்கசிவு ஏற்படுவதில்லை. இந்த நுட்பத்தை எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு வியப்பு குறைந்ததில்லை. இப்படி வெட்டப்படும் துண்டுகளில் ஒன்றே டி-டைமர். ரத்தப் பரிசோதனையில் அதன் அளவைப் பார்த்திருப்பீர்கள்.

அப்படியானால் உங்கள் கட்டி ஏன் முழுதாகக் கரையவில்லை? முதல் சில நாள்களில் அது மென்மையாகவும் நீர்ப்பிடிப்போடும் இருக்கும். போகப்போக இறுகுகிறது. வெள்ளணுக்கள் உள்ளே நுழைந்து சிதைவுகளை விழுங்குகின்றன. வாரங்கள் செல்லச்செல்ல, திசு உருவாக்கும் செல்கள் குடியேறி ஃபைப்ரினுக்குப் பதிலாகக் கொலாஜனைப் படியவைக்கின்றன. பிளாஸ்மினால் ஃபைப்ரினை வெட்ட முடியும். கொலாஜனை அதே போல் வெட்ட முடியாது. அந்தப் பகுதி, ஆறிய புண்ணின் தழும்பு போல, சிரைச் சுவரோடு ஒட்டிய தடிப்பாக நின்றுவிடுகிறது. அதன் ஊடே சிறு வாய்க்கால்கள் திறந்து ரத்தம் மீண்டும் ஓடத் தொடங்கும். ஸ்கேனில் 'எஞ்சிய கட்டி' என்று வருவது பெரும்பாலும் இதுதான். ஆறு மாதம், ஓராண்டு கழித்து எடுத்தாலும் பலருக்கு அது தெரியும். சுவரோடு ஒட்டிவிட்ட இந்தத் தடிப்பு, புதிய கட்டியைப் போல எளிதில் பிய்ந்து நுரையீரலுக்குப் போவதில்லை. அந்த ஆபத்து தொடக்க வாரங்களில்தான் அதிகம். முதல் 21 நாள்களுக்குக் கூடுதல் அளவு மாத்திரை தந்ததன் காரணமும் அதுவே.

நீங்கள் கேட்ட ஊசி, செயற்கையாகத் தயாரித்த டி.பி.ஏ. தான். அதை மருந்தின் அளவில் செலுத்தும்போது, முன்பு சொன்ன கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. எங்கெல்லாம் உடல் ஓட்டையை அடைத்து வைத்திருக்கிறதோ, அந்த அடைப்பையும் அது கரைக்கிறது. மூளைக்குள் ரத்தம் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே, மூளைத் தமனி அடைபட்டு 4.5 மணி நேரத்துக்குள் வந்தவர்கள், நுரையீரல் தமனி அடைபட்டு ரத்த அழுத்தம் சரிந்தவர்கள் போன்று, தாமதித்தால் இழப்பு பெரிது என்ற நிலையில் இருப்பவர்களுக்கே அதைப் பயன்படுத்துகிறோம். உங்கள் காலுக்கு அந்த அபாயத்தை ஏற்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

மூன்று மாதத்தோடு மாத்திரையை நிறுத்தலாமா என்பதை எஞ்சிய கட்டியை மட்டும் வைத்து முடிவுசெய்வதில்லை. எலும்பு முறிவு போன்ற தற்காலிகக் காரணத்தால் வந்த உறைவுக்குப் பொதுவாக மூன்று மாதச் சிகிச்சை போதும். இருந்தாலும், உங்களையும் உங்கள் குடும்ப வரலாற்றையும் அறிந்த மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். 20 மி.கி. மாத்திரையை உணவோடு சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் அது முழுதாக உட்கிரகிக்கப்படாது. ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகச் சேர்த்துக்கொண்டால் ரத்தக்கசிவு ஏற்படலாம். நன்றாக நடங்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம், கறுப்பு மலம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். இப்போது எடுத்த ஸ்கேன் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னாளில் கால் மறுபடியும் வீங்கினால், தெரிவது பழைய தடிப்பா, புதிய உறைவா என்பதை அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.